டீக்கடை இல்லாத ஊரில் மாப்பிள்ளை விசாரணை

சாந்தோம் பங்கில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், பையனைப் பற்றி விசாரிக்கப் போகிற ஆள் பவுல்சாமிதான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பதற்கு முன்னால் பவுல்சாமி தலையாட்டியிருக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம்.

அவருடைய முறை ரொம்ப எளிது. சொந்தக்காரர்களிடம் கேட்கமாட்டார், அவர்கள் புளுகுவார்கள். பங்குச் சாமியாரிடமும் கேட்கமாட்டார். அவருக்கு எல்லாருமே நல்லவர்கள். பையன் குடியிருக்கிற தெருமுனை டீக்கடைக்குப் போவார். ஒரு டீ சொல்லிவிட்டு, "இந்தத் தெருவுல இந்தப் பேர்ல ஒருத்தர்..." என்று இழுத்து நிறுத்திவிடுவார். மிச்சத்தைக் கடை பார்த்துக்கொள்ளும். அபிராமபுரத்தில் பேங்க் ஆபீசர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு வரன், உண்மையில் பேங்க்குக்கு எதிரே ஜெராக்ஸ் எடுப்பவர் என்பதை டீ ஆறுவதற்குள் தெரிந்துகொண்டு வந்தவர். ராயப்பேட்டை மாப்பிள்ளை ஒருவருக்குப் பட்டாபிராமில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்த கதைக்கு அவருக்கு ஒரு மசால் வடை தேவைப்பட்டது.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகள் லிண்டா. அயர்லாந்தில், கார்க் என்கிற ஊரில் நர்ஸ். போன ஈஸ்டருக்கு போன் பண்ணியவள், வாழ்த்துச் சொன்ன கையோடு, "டாடி, டெக்லன்னு ஒருத்தர். இந்த ஊர்க்காரர்தான். சுவர்ல படம் வரையறவர். எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

பவுல்சாமி நேராக என் கடைக்கு வந்தார். எனக்குத் தி. நகரில் புடவைக் கடை, அப்பா வைத்தது. நான் தாலாட்டுக்குப் பதிலாக "கடைசியா என்ன வெலை சொல்றீங்க" என்பதைக் கேட்டுத் தூங்கியவன். பவுல்சாமிக்கும் எனக்கும் பழக்கம், அவர் என் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அவன் தேறாமல் போனதில் வளர்ந்தது.

"சுவர்ல படம் வரையறானாம்யா தங்கவேலு. நம்மூர்ல சுவர்ல எதுக்குப் படம் வரையறாங்க? எவனும் அசுத்தம் பண்ணக் கூடாதுன்னு. மாதாவும் புள்ளையாரும் பக்கத்துல பக்கத்துல காவலுக்கு நிப்பாங்க. அந்த ஊர்ல எதுக்கு?"

"நேர்ல போய்ப் பாத்துடுவோம் வாத்தியாரே."

"போய்? யாரைக் கேக்கறது? அங்க டீக்கடை கீதா?"

உணர்ச்சிவசப்பட்டால் மட்டும் வாத்தியாருக்கு 'கீது' வரும்.

"டீக்கடை இல்ல. பப்பு இருக்குதாம். தெருவுக்குத் தெரு."

"குடிக்கிற எடத்துல உண்மை வருமா?"

"டீ குடிச்சிட்டுப் புளுகறவனை வருஷம் பூரா கல்லாவுல உக்காந்து பாக்கறேன். குடிச்சிட்டுப் புளுகறவன் கம்மி வாத்தியாரே."

அவருடைய மனைவி ஜோன் வரவில்லை. "எனக்கு முழங்கால் வலி. அதோட, போன்ல அந்தப் பையன் சிரிச்சான், அதுவே எனக்குப் போதும். இவருக்குத்தான் விசாரிக்காம சோறு எறங்காது. கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

லிண்டா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "ஞாயித்துக்கிழமை டெக்லன் அம்மா வீட்ல நமக்குச் சாப்பாடு. அங்க வந்து சொல்லுங்க டாடி. நீங்க வேணாம்னா நான் அவரைக் கட்டிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்."

"கணக்கு வாத்தியாருக்கே கணக்குக் குடுத்திருக்கா பாரு," என்றார் பவுல்சாமி. சிரிக்கவில்லை.

லிண்டாவுக்குச் சனிக்கிழமை வரை டூட்டி. அதுவரை பழைய ஊர்களைச் சுற்றிப் பார்க்கிறோம் என்று அவளிடம் சொல்லியாயிற்று. அவளும் சந்தோஷப்பட்டு, "அப்டியே டெக்லன் வரைஞ்சதையும் பாருங்க. வாட்டர்ஃபோர்டுல ஒண்ணு, லிமரிக்ல ஒண்ணு. கார்க்ல அவங்க சந்துலயே ஒண்ணு" என்றாள். எனக்கு அது போதும். புடவை வாங்க வருகிறவர்கள் முந்தானையை விரிக்கச் சொல்லி மயங்கிவிடுவார்கள். நான் வாங்கப் போனால் முதலில் மடிப்புக்குள் மறைந்திருக்கிற புடவை உடம்பைத்தான் தொட்டுப் பார்ப்பேன். ஆகவே தூரத்து ஊரில் ஆரம்பித்து, கடைசியில் பையனின் சந்துக்குப் போவது என்று திட்டம்.

விசாரணைக்கென்று பவுல்சாமி ஓர் உடை வைத்திருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்பு பேண்ட், முகம் தெரிகிற ஷூ. அயர்லாந்து மழைக்காகப் பாண்டி பஜாரில் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கறுப்புக் கோட்டு ஒன்றும் வாங்கியிருந்தார். கக்கத்தில் தோல் ஃபைல், அதற்குள் டெக்லனின் போட்டோ. என்னையும் கோட்டு மாட்ட வைத்தார். "மரியாதையா போனாத்தான் மரியாதையா பதில் வரும்யா."

வாட்டர்ஃபோர்டு ஆற்றங்கரை ஊர். கப்பலில் கொள்ளையடிக்க வந்தவர்கள் ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார்களாம்; எங்கள் தெருவில் ஆடிக் கழிவுக்கு வந்து கடை போட்டுவிட்டவர்களைப் போல. உருண்டையாக ஒரு கல் கோபுரம், அதற்குப் பின்னால் சந்து சந்தாகப் பழைய ஊர். எந்த வீட்டின் பக்கச் சுவரையும் சும்மா விடவில்லை. ஒரு சுவரில் நரி தூங்குகிறது, இன்னொன்றில் யாரோ ஒரு பெண்மணி மாடி உயரத்துக்கு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்ததில் நான் இரண்டு பேர் மேல் மோதினேன். இரண்டு பேருமே என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

டெக்லனுடையது ஒரு மீன்கொத்தி. மூன்று மாடிக்கு நிற்கிறது. அலகில் ஒரு மீன். அந்த வீட்டின் வட்ட ஜன்னலைத்தான் மீனுக்குக் கண்ணாக வைத்திருந்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே யாரோ திரையை இழுக்க, மீன் கண்ணை மூடியது.

"மீன் நவரை மாதிரி கீதுய்யா!" என்றார் பவுல்சாமி. அடுத்த நொடியே முகத்தை இறுக்கிக்கொண்டார். "படம் நல்லா இருந்தா போதுமா? ஆள் எப்படி? வா, கேப்போம்."

எதிரிலேயே பப். கறுத்துப்போன மரம், தாழ்ந்த கூரை, பித்தளைக் குழாய்கள். பவுல்சாமி தன் வழக்கப்படி டீ கேட்டார். ஆச்சரியம், டீயும் கொடுத்தார்கள், பால் தனியாகக் கிண்ணத்தில். ஃபைலை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். கடைக்காரரை மரியாதையாகக் கூப்பிட்டார்.

"ஐயா, எதிர்ச் சுவர்ல இருக்கற மீன்கொத்தியை வரைஞ்ச டெக்லனை உங்களுக்குத் தெரியுமா?"

கடைக்காரர் கோட்டைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், டீயைப் பார்த்தார்.

"எந்த மீன்கொத்தி?"

பவுல்சாமி திரும்பி ஜன்னலைக் காட்டினார். ஜன்னல் முழுக்க மீன்கொத்திதான் இருந்தது.

"ஓ, அதுவா," என்றார் கடைக்காரர். "நான் கவனிச்சதே இல்லை."

லிமரிக்குக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் பச்சை, எங்கள் கடையில் ஒரே பச்சையில் அத்தனை சாயல் காட்டினால் வாடிக்கையாளர் குழம்பிப் போவார். கல் வேலிகள், முதுகில் நீலச் சாயம் பூசிய ஆடுகள். மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. பேரம் படியாமல் படியிறங்கிப் போய், தெருக்கோடிவரை நடந்துவிட்டு, "சரி, குடுங்க" என்று திரும்பி வருகிற அம்மாக்களின் நடை அதற்கு.

லிமரிக்கில் ஷானன் ஆறு. அடையாற்றைப் பார்த்துப் பழகியவனுக்கு ஆற்றில் தண்ணீர் ஓடுவதே ஒரு காட்சி. கரையில் பழைய ராஜா ஒருவர் கட்டிய கோட்டை. அதன் பெரிய வட்டக் கோபுரங்களுக்குக் கீழே அன்னங்கள் ரொட்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. டெக்லனின் சுவரில் நான்கு பெண்கள் படகு வலிக்கிறார்கள். சுவர் ஓரமாக நிஜக் குப்பைத்தொட்டிகள் வரிசையாக நிற்க, படகு அவற்றின் மேலே மிதந்துபோகிற மாதிரி வரைந்திருந்தான். குப்பைத்தொட்டியைக் கடலாக்கியவனை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. வாத்தியாரிடம் சொல்லவில்லை. சரக்கு பிடித்திருப்பதை முகத்தில் காட்டக் கூடாது.

அங்கே பப்பில் சாயங்காலமே பாட்டு. ஒருவர் பிடில், ஒருவர் புல்லாங்குழல், யாரும் மேடையில் இல்லை, சாப்பிடுகிற மேஜையிலேயே உட்கார்ந்து வாசிக்கிறார்கள். பவுல்சாமியின் ஷூ தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் டீ சொல்லி, ஃபைலைத் திறந்தார்.

"என்ன, டூட்டியிலயா?" என்று கேட்டார் பிடில்காரர்.

"ஒரு வகையில டூட்டிதாங்க," என்றார் பவுல்சாமி பெருமையாக. "டெக்லன்னு ஒருத்தரைப் பத்தி விசாரிக்கணும்."

வாசிப்பு நின்றது. பிடில்காரர் புல்லாங்குழலைப் பார்த்தார். புல்லாங்குழல் கூரையைப் பார்த்தது.

"அப்படி ஒருத்தர் இந்த ஊர்ப்பக்கமே வந்ததில்லை," என்றார் பிடில்காரர். யோசித்து, "வந்திருந்தாலும் செத்துட்டார்," என்று சேர்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் வாத்தியார் ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டு நேரமாகியும் வெயில் மங்கவில்லை. ஆறு முழுக்கப் பொன்னாகக் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"இத்தனை வருஷத்துல எனக்கு எல்லா பதிலும் வந்திருக்குய்யா. குடிகாரன்னு சொல்லிருக்காங்க, தங்கமான பையன்னு சொல்லிருக்காங்க. தெரியாதுன்னு மட்டும் ஒருத்தரும் சொன்னதில்ல. நம்ம தெருவுல ஒரு நாய்க்குட்டி புதுசா வந்தாக்கூடத் தெரியும். பக்கத்துச் சுவர்ல மாசக்கணக்கா நின்னு வரைஞ்சவனை ஒருத்தருக்கும் தெரியலைன்னா, அவன் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசினதில்லன்னு அர்த்தம். அப்படிப்பட்டவன் கையில எப்படிய்யா பொண்ணைக் குடுக்கறது?"

அவர் எழுந்து, "ஞாயித்துக்கிழமை எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கினு இருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை காலை கார்க் போய்ச் சேர்ந்தோம். ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஊர். கரையிலிருந்து தெருக்கள் மாடிப்படி மாதிரி மேலே ஏறுகின்றன. மேலே ஒரு பழைய தேவாலயக் கோபுரம். நாலு பக்கமும் கடிகாரம், நாலும் நாலு வெவ்வேறு நேரம் காட்டுமாம். கணக்கு வாத்தியாரால் இதைப் பொறுக்க முடியவில்லை. ஆனால் உள்ளே யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து மணியடிக்கலாம் என்றதும் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். கிறிஸ்மஸ் பாட்டு ஒன்றை, ஜூன் மாதத்தில், தப்புத் தப்பாக ஊருக்கே அடித்தார். அந்த நேரம் மட்டும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

டெக்லனின் சந்து அங்கிருந்து கீழே இறங்குகிறது. திரும்பியதும் நான் நின்றுவிட்டேன். சந்தின் நீளத்துக்கு ஒரு சுவர். அதில் துணிக்கொடி வரைந்திருந்தான். சந்தில் இருக்கிற அத்தனை பேருடைய துணியும் காற்றில் ஆடுகிறது. ஒருவரின் கோடு போட்ட பனியன், ஒரு பெரிய உள்பாவாடை, ஒரு ஃபுட்பால் சட்டை, ஒற்றைச் சாக்ஸ். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு புடவை.

கிளிப்பச்சைப் பட்டு, அரக்கு பார்டர், பார்டரில் இரட்டைக் கோபுரம். நான் கைதொட்டு விற்ற சரக்கை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"வாத்தியாரே, இது நம்ம கடைப் புடவை."

"ஜோனோடது," என்றார் பவுல்சாமி மெதுவாக. "எங்க வெள்ளி விழாவுக்கு உங்கிட்ட எடுத்தது. லிண்டா ஊருக்குப் போறப்ப அவ கையில குடுத்து அனுப்பினா." சுவர்ப் புடவையின் பார்டரை விரலால் தொட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, சரி. விசாரணைன்னா விசாரணைதான்" என்று ஃபைலை எடுத்தார்.

சந்தின் அடியில் சின்ன பப். கடைக்காரம்மா பெயர் மோரா. வாசல் பலகையில் எழுதியிருந்தது. பத்துப் பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடுகிற இடம் நிரம்பியிருந்தது. நாங்கள் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. டீ வந்தது. பவுல்சாமி கேட்டார். மோரா அம்மா கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "டெக்லனா? இந்தச் சந்துலயா? கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். கேள்விப்படாத முகங்கள் வரிசையாக எங்களைப் பார்த்தன. அதில் ஒருவர் போட்டிருந்தது, சுவரில் காய்ந்துகொண்டிருக்கிற அதே கோடு போட்ட பனியன்.

"போலாம் தங்கவேலு," என்று எழுந்தார் வாத்தியார். கண் கலங்கியிருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு எங்கள் தெரு முருகையன் ஞாபகம் வந்துவிட்டது. காபித்தூள் கடை முருகையன். அவன் கடைப் பலகை நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு நாள் கக்கத்தில் ஃபைலோடு ஓர் ஆபீசர் வந்து, "இந்தப் போர்டு போட்ட முருகையன் யாரு?" என்றார். முருகையன் பெயர் போட்ட பலகைக்குக் கீழே நின்றுகொண்டு தெருவே சொன்னது: "எந்த முருகையன் சார்?" அவன் எல்லாருக்கும் வேண்டியவன்.

"உக்காருங்க வாத்தியாரே. அந்த ஃபைல் மேல உக்காருங்க."

டீயைத் தள்ளிவிட்டு, கறுப்பு பீர் இரண்டு சொன்னேன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். மோரா அம்மாவிடம் சாவகாசமாகக் கேட்டேன்.

"ஏம்மா, மேல கோவிலை மறைச்சுக்கிட்டு ஜன்னலே இல்லாம ஒரு சாம்பல் கட்டடம் நிக்குதே, யார் கட்டினது?"

அவ்வளவுதான். கட்டியவன் பெயர், அவன் மாமன் பெயர், அவன் வீடு, காரின் நிறம், அவன் எந்த ஓட்டலில் எந்த மேஜையில் சாப்பிடுவான் என்பதெல்லாம் பத்து வாயிலிருந்து ஒரே நேரத்தில் வந்தது. "அவனோட அவன் அம்மாவே பேசறதில்லை," என்று பனியன்காரர் முடித்துவைத்தார்.

நான் பவுல்சாமி பக்கம் திரும்பினேன். "பாத்தீங்களா? பிடிக்காதவனைப் பத்திக் கேட்டா அட்ரஸோட சொல்றாங்க. உங்க மாப்பிள்ளையைக் கேட்டா மூணு ஊர்லயும் ஒருத்தனுக்கும் தெரியல. கோட்டு, ஃபைல், பப்புல வந்து டீ. நம்மளைப் பார்த்தா என்ன மாதிரி இருக்கோம்?"

வாத்தியார் வாய் திறந்தது. மூடியது. கணக்குப் போட்டு முடித்த மாதிரி மறுபடி திறந்தது. "ஆபீசர் மாதிரி கீறோம்."

நான் எழுந்து நின்று, எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன்: "நாங்க எந்த ஆபீசும் இல்லைங்க. நான் புடவை விக்கறவன். சுவர்ல தொங்கற அந்தப் பச்சைப் புடவை என் கடையோடது. இவர் லிண்டாவோட அப்பா."

மோரா அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"லிண்டாவோட அப்பாவா? அட மனுஷா, வந்ததுமே சொல்லக் கூடாதா? டெக்லனைத் தேடிக்கிட்டு நகராட்சி ஆளுங்க ரெண்டு பேர் ஃபைலோட ஊர் ஊரா வர்றாங்கன்னு வாட்டர்ஃபோர்டுல இருந்தே போன் வந்துடுச்சு! லிமரிக் சுவருக்கு அவன் அனுமதி வாங்கலையாம். பாவம் பையன், காலையில இருந்து பீப்பாய்களுக்கு நடுவுல உக்காந்திருக்கான்!" என்று சொல்லிவிட்டு, குனிந்து காலடியில் இருந்த பலகைக் கதவைத் திறந்தார். "டெக்லன், மேல வா! உன் மாமனார் வந்திருக்கார்!"

நிலவறையிலிருந்து முதலில் சிவப்புத் தலை வந்தது, பிறகு நெட்டையாக மிச்ச உடம்பு, தலையில் ஒட்டடை, ஷூவெல்லாம் பெயிண்ட். லிண்டா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், கையைக் கூப்பி, "வணக்கம் மாமா" என்றான். ஜோன் சொன்ன சிரிப்பு அதுதான்.

பவுல்சாமி அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முறை மாறாதவர். கடையைப் பார்த்துத் திரும்பினார். "இவர்கிட்ட என்னென்ன குறை? சொல்லுங்க. குறை இல்லாத விசாரணை எங்க ஊர்ல செல்லாது."

"பாட வராது. ஆனா பாடுவான்," என்றார் பனியன்காரர்.

"எங்க கூப்பிட்டாலும் வருவான், ஆனா நேரத்துக்கு வந்ததில்லை."

"என் பூனையைச் சுவர்ல குண்டா வரைஞ்சுட்டான்."

"பூனை குண்டுதான்!" என்றான் டெக்லன்.

"இல்லைன்னு சொல்லவே தெரியாது," என்றார் மோரா அம்மா. "என் துணியை வரையும்போது அந்தப் பெரிய உள்பாவாடையை மட்டும் விட்டுடுடான்னேன். அதுக்கு மட்டும் முடியாதுன்னுட்டான்."

வாத்தியார் முகம் மலர்ந்துகொண்டே போனது. எனக்கும் ஒரு குறை இருந்தது. "தம்பி, பார்டர் அச்சு அசலா இருக்கு. முந்தானையைத்தான் தலைகீழாத் தொங்க விட்டுட்டே."

"லிண்டா அப்படித்தான் காயப்போட்டிருந்தா, அங்கிள்," என்றான். பவுல்சாமி முதல்முறையாக விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வீட்லயும் அப்படித்தான்யா! அவ அம்மாவும் அப்படித்தான் போடுவா!"

அங்கிருந்தே ஜோனுக்கு போன் போட்டார். பின்னால் டெக்லன் பாட ஆரம்பித்திருந்தான். பனியன்காரர் சொன்னது உண்மை.

"ஜோன்? விசாரிச்சாச்சு. மூணு ஊர்லயும் கேட்டுட்டேன். ஒருத்தருக்குமே அவனைத் தெரியல. ரொம்ப நல்ல பையன்."

"குடிச்சிருக்கீங்களா?" என்றார் ஜோன்.

ஆனால் டெக்லனிடம் அப்போதே சரி என்று சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை சொல்றேன்னு சொல்லியிருக்கு. இன்னிக்கே சொல்லிட்டா அவங்க அம்மா வைக்கிற சோத்துக்கு என்ன மரியாதை?" என்றார். மறுநாள் உருளைக்கிழங்கு மூன்றாம் முறை பரிமாறப்பட்டபோது லிண்டாவைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். டெக்லனின் அம்மா என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஜவுளி வியாபாரத்தில் இதெல்லாம் கிடையாது.

ஜனவரியில் சாந்தோமில் கல்யாணம். அதற்கு முன் வாரமே அம்மாவோடு வந்திறங்கிய டெக்லன், விசாரணை என்றால் இரண்டு பக்கமும் வேண்டும் என்று கிளம்பிவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் வாத்தியாரின் அதே ஃபைல். தெருமுனையில் ஹஸன் டீக்கடைக்குப் போய் நின்று, "பவுல்சாமின்னு ஒருத்தரைத் தெரியுமா?" என்று லிண்டா பழக்கிய தமிழில் கேட்டிருக்கிறான்.

"பவுல்சாமியா? அப்டி யாரும் இங்க இல்லியே நைனா," என்றாராம் ஹஸன். பவுல்சாமி அப்போது கடைக்குள் பெஞ்சில் வடையோடு உட்கார்ந்திருந்தார். டெக்லன் போனதும் ஹஸன் குனிந்து, "வாத்தியாரே, பின்னாடி பக்கமா பூடு. எவனோ வெள்ளக்கார ஆபீசர் ஃபைலோட உன்னியத் தேடிக்கினு கீறான்" என்று வழியனுப்பியும் வைத்தார். டெக்லன் வீட்டுக்கு வந்து அவன் அம்மாவிடம், "நல்ல குடும்பம். யாருக்குமே தெரியலை" என்றானாம்.

கல்யாணம் முடிந்து ஊருக்குப் போகும் முன்னால் ஹஸன் கடைப் பக்கச் சுவரில் ஒரு மீன்கொத்தி வரைந்துவிட்டுப் போனான். அலகில் நவரை மீன்; பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற பெண்கள் வந்து பார்த்துச் செவுள் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். போன வாரம் நானும் வாத்தியாரும் அங்கே டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, கக்கத்தில் ஃபைலோடு ஒருவர் வந்தார். சுவரைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இந்த மீன்கொத்தியை யார் வரைஞ்சது?"

ஹஸன் டீயை ஆற்றிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார்:

"எந்த மீன்கொத்தி சார்?"